நான்கு நாள் மறந்த கருத்தடை மாத்திரையைச் சேர்த்துப் போட்டுவிட்டாள், என்ன செய்வது?

வைகைக்கரை (வெள்ளி, பகல் 12.50)

அவசரம், தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். என் ஓரகத்தி மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை போடுகிறாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டை. அம்மா ஊர்க் கோயில் கொடைக்குப் போனபோது அட்டையை இங்கேயே விட்டுவிட்டாள், புடவைக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தது, மாமியாருக்கு மாத்திரை விஷயமே தெரியாது. நேற்று ராத்திரிதான் திரும்பினாள். விட்டுப்போன நான்கையும் இன்றைக்கானதையும் சேர்த்து ஐந்து மாத்திரையைக் காலை பத்து மணிக்கு டீயோடு ஒரேயடியாக விழுங்கியிருக்கிறாள். இப்போது குமட்டுகிறது, தலை சுற்றுகிறது என்று படுத்திருக்கிறாள். வயது 27, ஒரு பிள்ளை, இரண்டு வயது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா? மாமியார் காதில் விழாமல் ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிப் போவது?

கரிசல்காடு (12.58)

ஒரு சொம்பு உப்புக் கரைசல், தொண்டையில் விரல், எல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் ஊரில் எதைக் குடித்தாலும் இதுதான், சில பேர் சோப்புத் தண்ணீரும் கொடுப்பார்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ் (1.06)

கரிசல்காடு தம்பி, தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் ரத்தத்தில் உப்பை ஏற்றி வலிப்பில் கொண்டுபோய் விடும், சோப்புத் தண்ணீர் நுரைத்து நுரையீரலுக்குள் போகும். மாத்திரை செய்யாத கெடுதலை இந்த வைத்தியம் செய்துவிடும்.

வைகைக்கரை, முதலில் பதறாதீர்கள். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், மாலா-என் அட்டையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த கை இது. உடனே நான்கு விஷயம் சொல்லுங்கள். விழுங்கிய ஐந்தும் வெள்ளையா, இல்லை அட்டையின் கடைசி வரிசையில் கறுப்பாகவோ பழுப்பாகவோ இரும்புச் சத்து மாத்திரை இருக்குமே, அதுவும் சேர்ந்ததா? வேறு ஏதாவது மாத்திரை, குறிப்பாகக் காய்ச்சல் மாத்திரை, கூடப் போட்டாளா? ரத்த அழுத்தம், கண்ணில் மினுமினுப்பு வந்து அடிக்கும் ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தக் கட்டு, மஞ்சள் காமாலை என்று எதுவும் இருந்ததா? நான்காவது, கோபித்துக்கொள்ளாதீர்கள், மறந்துபோய்ப் போட்டதுதானா, மனக்கஷ்டத்தில் போட்டதா? அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், மாமியார் அடுக்களையில் இருக்கும்போது வேண்டாம்.

வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். தானாக வந்தால் வரட்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோ மோரோ கொடுங்கள், ஒருக்களித்துப் படுக்கட்டும். மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் என்று ஏதாவது தெரிந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் 108.

வைகைக்கரை (1.21)

கேட்டேன். ஐந்தும் வெள்ளைதான், அட்டையை என் கையில் வைத்திருக்கிறேன், கறுப்பு ஏழும் அப்படியே இருக்கிறது. வேறு மாத்திரை எதுவும் போடவில்லை. நோய் நொடி கிடையாது. மனக்கஷ்டமெல்லாம் இல்லை, “விட்டா கர்ப்பம் ஆயிடும்னு பயந்து போட்டேன்க்கா” என்கிறாள். இப்போது ஒரு தடவை வாந்தி எடுத்தாள், அதற்குப் பிறகு கொஞ்சம் தேவலை என்கிறாள்.

ஓய்வுபெற்ற நர்ஸ் (1.40)

நல்லது, இப்போது மூச்சு விடுங்கள். கணக்கைச் சொல்கிறேன், கணக்கு தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

ஒரு வெள்ளை மாத்திரையில் 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலும் 0.03 மில்லிகிராம் எத்தினைல் ஈஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரஜனும், ஆக இரண்டு ஹார்மோன் இருக்கும். ஐந்து என்றால் 0.75, 0.15. அவசரக் கருத்தடை மாத்திரை என்று விற்கிறார்களே, அந்த ஒரே மாத்திரையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், அதாவது இவள் விழுங்கியதைப் போல இரண்டு மடங்கு. ஈஸ்ட்ரஜன் பக்கம் பார்த்தாலும் பெரிய கதை இல்லை. அந்த மாத்திரை வருவதற்கு முன்னால் யூஸ்பே முறை என்று ஒன்று இருந்தது, கனடா நாட்டு மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பே 1970-களில் கொண்டுவந்தது. இதே மாதிரி மாத்திரையில் நான்கு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னும் நான்கு, ஆக ஒரே நாளில் எட்டு, மருத்துவர்களே எழுதிக் கொடுத்தார்கள். போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குமட்டல், ஐந்தில் ஒருவருக்கு வாந்தி. 1998-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, லெவோநார்ஜெஸ்ட்ரல் மட்டும் போட்டால் பலனும் அதிகம், வாந்தியும் குறைவு என்று கண்டது, அப்புறம் எட்டு மாத்திரை முறை வழக்கொழிந்தது. உங்கள் ஓரகத்திக்கு வந்திருப்பது அந்தப் பழைய குமட்டல்தான். ஒரு நாளில் அடங்கும்.

மார்பு வலிக்கலாம், தூக்கம் தூக்கமாக வரலாம், இரண்டு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தீட்டு மாதிரி உதிரம் படலாம். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, தேவையும் இல்லை. வாந்தி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் மட்டும் வெளிநோயாளர் பிரிவில் காட்டி வாந்தி நிற்க மருந்து வாங்குங்கள். நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இதுவரை வராத மாதிரி தலைவலி, பார்வை மங்கல், கடுமையான வயிற்று வலி, இந்த ஐந்தில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அது மாத்திரை போடும் எந்தப் பெண்ணுக்கும் எந்த நாளுக்கும் பொருந்தும்.

மெடிக்கல்காரன் (2.15)

நர்ஸம்மா சொன்னதோடு ஒன்று: ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் அட்டையை அப்படியே எடுத்துப் போங்கள். “கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டுவிட்டாள்” என்று வாயால் சொன்னால் போதாது. என் கடைக்கு வருகிறவர்கள் ஐந்து வெவ்வேறு மருந்துக்கு இதே பெயரைச் சொல்கிறார்கள். மாலா-என் போலவே கடையில் விற்கும் மாலா-டி ஒன்று. தொடக்கத்தில் வாரம் இரண்டு தடவை போடும் சாயா ஒன்று. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தீட்டைத் தள்ளிப்போடுகிற நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம் ஒன்று. அவசர மாத்திரை ஒன்று. எல்லாவற்றையும் விட ஆபத்து, கருக்கலைப்பு மாத்திரையையும் சில பேர் கருத்தடை என்றே கேட்பார்கள். மிஃபெப்ரிஸ்டோன், மிசோபிரஸ்டால் சேர்ந்த அந்தப் பெட்டியைத் தப்பாகவோ அதிகமாகவோ சாப்பிட்டிருந்தால் இந்த இழையில் சொல்லும் ஆறுதல் எதுவும் பொருந்தாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவசர மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு வேண்டாம் என்பது 2005-லிருந்து மத்திய விதி. ஆனால் தமிழ்நாட்டில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் கிடைப்பது அபூர்வம், பெரும்பாலான கடைகள் வாங்கி வைப்பதே இல்லை. கிடைக்காதபோதுதான் யாரோ சொன்னார்கள் என்று மாலா-டி அட்டையைப் பிய்த்துக் கை நிறையப் போடுகிறார்கள். கேட்டால் எனக்கே எரிச்சல் வரும், விற்காத கடைக்காரன் நானும் ஒருவன்தான்.

வெட்டிவேர் (2.40)

எதற்கு இந்த விஷமெல்லாம். ஹார்மோன் மாத்திரை போட்டால் கர்ப்பப்பை சுருங்கி அடுத்த பிள்ளையே தங்காது. இவளுக்கு ஐந்து ஒரேயடியாகப் போயிருக்கிறது, இனி பிள்ளை பிறக்குமா என்பதே சந்தேகம். எல்லாம் வெள்ளைக்காரன் நம் தலையில் கட்டியது.

ஓய்வுபெற்ற நர்ஸ் (2.52)

மாத்திரையை நிறுத்தினால் சில மாதங்களுக்குள் கருமுட்டை பழையபடி வரத் தொடங்கிவிடும். நிறுத்திய அடுத்த மாதமே உண்டாகி என்னிடம் வந்து அழுத பெண்களை எனக்குத் தெரியும். ஐந்து மாத்திரையால் கர்ப்பப்பை சுருங்காது. வெள்ளைக்காரன் கதைக்கும் ஒரு பதில்: சாயா மாத்திரை லக்னோவில் உள்ள நம் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தது, 1991-லேயே ஸஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. படுத்திருக்கும் பெண் இதைப் படித்தால் என்ன ஆவாள் என்று யோசித்து எழுதுங்கள் ஐயா.

வைகைக்கரை (3.10)

படித்தாள். அழுகை. இப்போதுதான் தேற்றினேன்.

சரி, நர்ஸம்மா, இனி எப்படித் தொடர்வது? எட்டு மாத்திரை ஒழுங்காகப் போட்டிருக்கிறாள், 9-லிருந்து 12 வரை விட்டது, இன்று 13-வது. இன்று ராத்திரியும் ஒன்று போட வேண்டுமா? கொழுந்தன் இங்கேதான் இருந்தார், அவள் மட்டும்தான் ஊருக்குப் போனாள்.

ஓய்வுபெற்ற நர்ஸ் (3.35)

கொழுந்தன் இங்கே இருந்தார் என்பதிலேயே பாதிக் கவலை தீர்ந்தது!

இன்று இனி எதுவும் வேண்டாம். நாளை வழக்கமான நேரத்துக்கு ஒன்றே ஒன்று. அட்டையில் இப்போது வெள்ளை 8 மீதி இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். அதைத் தினம் ஒன்றாக முடித்துவிட்டுக் கறுப்புக்குப் போகலாம். வெள்ளை மாத்திரை தொடர்ந்து ஏழு நாள் உள்ளே போகிற வரைக்கும் ஆணுறை கட்டாயம்.

ஒன்று விட்டால் ஞாபகம் வந்தவுடன் போடுங்கள், அன்றைய மாத்திரையையும் அதன் நேரத்தில் போடுங்கள், ஒரே நாளில் இரண்டு ஆனாலும் குற்றமில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால் கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். சேர்த்துப் போட்டால் விட்ட நாளுக்குப் பாதுகாப்பு திரும்பி வராது, குமட்டல்தான் மிச்சம். அப்புறம் தினம் ஒன்று, ஏழு நாள் ஆணுறை. விட்டது அட்டையின் முதல் வாரத்தில், அதற்குள் கணவரோடு சேர்ந்தும் இருந்தால், ஐந்து நாளுக்குள் மருத்துவரைப் பார்த்து அவசர மாத்திரை கேளுங்கள். மூன்றாவது வாரத்தில் விட்டால் வெள்ளையை முடித்த கையோடு கறுப்பைப் போடாமல் அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடங்கிவிட வேண்டும். நான் வேலையில் இருந்தபோது பெண்கள் கேட்ட கேள்வியில் பாதிக்கு மேல் இந்த விட்டுப்போன கணக்குதான், அட்டை கொடுக்கும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிவிட்டால் இப்படி யாரும் விழுங்க மாட்டார்கள்.

செம்பருத்தி (மாலை 5.20)

இதைக் கேட்க வேறு இடம் இல்லை. என் அண்ணிக்குக் காசநோய் மருந்து ஓடுகிறது, அதனால் கருத்தடை மாத்திரை வேலை செய்யாது, இரண்டிரண்டாகப் போடு என்று பக்கத்து வீட்டில் சொல்லி, தினமும் இரண்டு போடுகிறார். இதுவும் அதிகம்தானே?

ஓய்வுபெற்ற நர்ஸ் (5.41)

வேலை செய்யாது என்பது உண்மை. காசநோய் மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின் உள்ளே இருக்கும்வரை ஈரல் இந்த ஹார்மோனைச் சீக்கிரமாகக் கரைத்துவிடும். வலிப்பு மாத்திரைகளில் பெனிட்டாய்னும் கார்பமசெபைனும் இதையே செய்யும். ஆனால் அதற்கு மருந்து இரண்டாகப் போடுவது இல்லை, முறையை மாற்றுவது. காப்பர்-டியோ அந்தரா என்ற கருத்தடை ஊசியோ ஏற்பாடு ஆகும்வரை ஆணுறை. காசநோய் மருந்தை மட்டும் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

இரட்டைப்பிள்ளை அம்மா (இரவு 8.05)

தலைப்புக்குப் பக்கத்து விஷயம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். வைகைக்கரை, உங்கள் ஓரகத்தி வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறதே. என் மகன் அந்த வயதில் அட்டையில் இருந்த என் சிவப்புச் சத்து மாத்திரையை வாயில் போட்டுவிட்டான். வாயெல்லாம் சிவப்புச் சாயம், மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டிருந்தான். கருத்தடை மாத்திரை அட்டையும் கீழே கிடந்தது, நான் அதைப் பார்த்துத்தான் அலறினேன். ஆஸ்பத்திரியில் மருத்துவர் அந்த அட்டையை ஒரு தடவை பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, சத்து மாத்திரை எத்தனை போயிருக்கும் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு அப்போது புரியவே இல்லை.

பிள்ளைகள் டாக்டர் (8.50)

அவர் கேட்டது சரியான கேள்வி. நான் குழந்தைகள் மருத்துவம் பார்க்கிறேன். வெள்ளை மாத்திரை முழு அட்டையையே பிள்ளை விழுங்கினாலும் பெரும்பாலும் குமட்டல், வாந்தியோடு போய்விடும், சிறுமியாக இருந்தால் சில நாள் கழித்து லேசாக உதிரக் கசிவு வரலாம். பயப்பட வேண்டியது இரும்புக்கு. மாலா அட்டையின் ஏழு கறுப்பு மாத்திரையில் ஒவ்வொன்றும் 60 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட், அதில் உண்மையான இரும்பு சுமார் 20. ஏழும் சேர்ந்தால் 140. பத்துக் கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 14 வரும், பெரும்பாலும் தப்பிவிடும், ஆனாலும் காட்டிவிட வேண்டும்.

கர்ப்பிணிக்குக் கொடுக்கும் சிவப்புச் சத்து மாத்திரை அப்படி இல்லை. அதில் ஒன்றிலேயே இரும்பு 60 மில்லிகிராம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் தாண்டினால் வயிற்றைப் புரட்டும், 60 தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பத்துக் கிலோ பிள்ளைக்கு நான்கு மாத்திரையிலேயே முதல் கோடு தாண்டிவிடும், பத்து மாத்திரை இரண்டாவது கோட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

பெற்றோர் ஏமாறுவது எங்கே தெரியுமா? முதல் ஆறு மணி நேரம் வாந்தி, பேதி, சில சமயம் ரத்தத்தோடு. அப்புறம் பிள்ளை தெளிந்து விளையாடும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். ஓரிரு நாளுக்குள் ரத்த அழுத்தம் இறங்கி, ஈரல் கெட்டு, மறுபடி வரும்போது கைமீறியிருக்கும். கரித்தூளும் இரும்பைப் பிடிக்காது. டெஸ்ஃபெரியாக்சமின் என்று மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொண்டுவந்தால்தான் பலன். அதனால் பிள்ளை இரும்பு மாத்திரை விழுங்கியது என்று சந்தேகம் வந்தாலே கிளம்பிவிடுங்கள், அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். ஆலோசனை வேண்டுமென்றால் டெல்லி எய்ம்ஸில் தேசிய நச்சுத் தகவல் மையம் இருக்கிறது, 1800 116 117, கட்டணமில்லை, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம்.

வைகைக்கரை (9.15)

டாக்டர், படித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். என் பிரசவக்காலத்துச் சிவப்பு மாத்திரை ஒரு முழு டப்பா டிவி ஸ்டாண்டில் இருக்கிறது, பிள்ளைக்கு எட்டுகிற உயரம். பரணுக்குப் போய்விட்டது.

ஓரகத்தி சாயங்காலம் ரசம் சாதம் சாப்பிட்டாள், வாந்தி இல்லை.

நள்ளிரவுச்சூரியன் (11.30)

இங்கே எல்லோரும் மறதியைப் பற்றியே பேசுகிறீர்கள். வேண்டுமென்றே போட்டவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால்? “ஒன்றும் ஆகாது” என்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா படுத்துவிடக் கூடாதே.

பிள்ளைகள் டாக்டர் (11.52)

நல்லவேளை கேட்டீர்கள். வேண்டுமென்று விழுங்கியிருந்தால் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் போடுவதுதான் வழக்கம், அதில் பாராசிட்டமால் இருந்தால் முதல் நாள் ஒன்றுமே தெரியாது, இரண்டாம் மூன்றாம் நாள் ஈரல் போகும். நேரத்தோடு வந்தால் அதற்கு நல்ல மாற்று மருந்து இருக்கிறது.

போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்துதான் வீட்டில் மறைக்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, இப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே இல்லை. ஆஸ்பத்திரியில் பதிவு போடுவார்கள், போலீஸ் வந்து விசாரிக்கலாம், அதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.

ஆத்தூர்க்காரி (சனி, காலை 7.30)

நானும் இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். சாயா மாத்திரையைத் தினமும் போட வேண்டும் என்று நினைத்து ஒரு வாரமாகத் தினம் ஒன்று போட்டுவிட்டேன். உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. நிறுத்தவா?

ஓய்வுபெற்ற நர்ஸ் (8.10)

இன்றைக்கே நிறுத்துங்கள். சாயாவில் மாலா மாதிரி ஹார்மோன் கிடையாது, ஓர்மெலாக்ஸிஃபீன், 30 மில்லிகிராம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, ஞாயிறு போட்டால் அடுத்தது புதன், அப்புறம் வாரத்துக்கு ஒன்று. உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது, பாதி வெளியேறவே ஒரு வாரம் ஆகும், அதனால்தான் அப்படி இடைவெளி. ஏழு மாத்திரை விஷமாகாது, ஆனால் தீட்டு தள்ளிப்போகும், தள்ளிப்போனால் கர்ப்பமோ என்று நீங்கள் வேறு பதறுவீர்கள். திங்கட்கிழமை அட்டையோடு உங்கள் சுகாதார நிலையத்துக்குப் போய், எந்த நாளிலிருந்து மறுபடி தொடங்குவது என்று கேளுங்கள். கர்ப்பப்பை வாயில் அதிக வளர்ச்சி, சினைப்பை நீர்க்கட்டி, மஞ்சள் காமாலை இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அவர்களுக்கு இந்த மாத்திரையே ஆகாது.

வைகைக்கரை (செவ்வாய், காலை 10.20)

நர்ஸம்மா, நீங்கள் சொன்ன மாதிரியே நேற்றிலிருந்து லேசாகப் படுகிறது, ஒரு நாளைக்கு இரண்டு நாப்கின் அளவு. மாத்திரையை நிறுத்தவில்லை. அப்புறம், இந்த ஒளித்து வைக்கிற வேலையே வேண்டாம், காப்பர்-டி போட்டுக்கொள்கிறேன் என்கிறாள். மாமியாருக்குத் தெரிந்துவிடுமா என்பதுதான் ஒரே கேள்வி.

ஓய்வுபெற்ற நர்ஸ் (10.45)

லேசாகப் படுவது சரிதான், மாத்திரையைத் தொடரட்டும். மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்குப் போனால் மட்டும் உடனே காட்டுங்கள். காப்பர்-டி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், அதில் 375 என்ற வகையைப் போட்டால் ஐந்து வருடம், 380-ஏ என்ற வகை பத்து வருடம். வெளியே யாருக்கும் தெரியாது, நூல் உள்ளேதான் இருக்கும். முதல் இரண்டு மூன்று மாதம் தீட்டு கொஞ்சம் அதிகமாக இருக்கும், மாமியார் கேட்டால் கோயில் கொடைக்கு அலைந்த அலைச்சல் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.